நீங்க மாத்தாமலேயே பிரவுசரில் தேடுபொறி மாறிடுச்சா? டீஃபால்ட் சர்ச் இன்ஜினை மாற்றுவது எப்படி? முழு விவரம்!

காலையில் ஜெராக்ஸ் கடையைத் திறந்து கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார் ஒருவர். வாடிக்கையாளருக்கு மின் கட்டணம் கட்ட வேண்டும். வழக்கம்போல பிரவுசரின் மேலே இருக்கும் பட்டியில் 'மின் கட்டணம்' என்று டைப் செய்து என்டர் தட்டுகிறார். வர வேண்டிய தேடல் பக்கம் வரவில்லை. பெயரே கேள்விப்படாத ஒரு பக்கம் வருகிறது. முதல் நான்கைந்து முடிவுகளும் விளம்பரங்கள். அதில் ஒன்று 'உடனடி பில் பேமென்ட்' என்று ஒரு செல்போன் நம்பரையும் காட்டுகிறது.

"நான் எதையுமே மாத்தலையே!" என்பதுதான் இப்படி மாட்டுபவர்கள் சொல்லும் முதல் வார்த்தை. உண்மைதான், அவர்கள் மாற்றவில்லை. முந்தைய நாள் பிடிஎஃப் ஃபைலை வேர்டாக மாற்ற இறக்கிய ஏதோ ஒரு இலவச சாப்ட்வேர் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கும். பிரவுசரின் 'டீஃபால்ட் சர்ச் இன்ஜின்', அதாவது இயல்புநிலைத் தேடுபொறி என்ற ஒரே ஒரு செட்டிங்கை அது மாற்றியிருக்கும்.

இந்தச் சின்ன செட்டிங்குக்காகத்தான் உலகின் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான கோடிகளைக் கொட்டுகின்றன. நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்கும் நடக்கிறது. அப்படி அதில் என்ன இருக்கிறது? அதை நாமே மாற்றுவது எப்படி? பார்க்கலாம்.

பிரவுசர் வேறு, தேடுபொறி வேறு

பலரும் இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி ஆகியவை பிரவுசர்கள். கூகுள், பிங், டக்டக்கோ, எகோசியா போன்றவை தேடுபொறிகள். பிரவுசரை ஆட்டோ என்று வைத்துக்கொண்டால், தேடுபொறி என்பது தெருமுனையில் நின்று வழி சொல்பவர். ஒரே ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் வேண்டுமானாலும் வழி கேட்கலாம்.

ஒரு காலத்தில் பிரவுசரில் முகவரி போட ஒரு பெட்டி, தேட ஒரு பெட்டி என இரண்டு இருந்தன. இப்போது பெரும்பாலும் ஒரே பட்டிதான். அதில் இணைய முகவரியை டைப் செய்தால் நேராக அந்தத் தளத்துக்குப் போகும். வேறு வார்த்தைகளை டைப் செய்தால் அவற்றைத் தேடுபொறிக்கு அனுப்பும். எந்தத் தேடுபொறிக்கு? அதை முடிவு செய்வதுதான் டீஃபால்ட் செட்டிங்.

ஒரு செட்டிங்குக்கு 2,000 கோடி டாலர்!

ஐபோனில் சஃபாரி பிரவுசரைத் திறந்து தேடினால் கூகுள் முடிவுகள் வருகின்றன. இதற்காக ஆப்பிள் நிறுவனத்துக்கு கூகுள் பணம் தருகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் தந்த தொகை சுமார் 2,000 கோடி டாலர் என்பது அமெரிக்காவில் நடந்த வழக்கில் வெளியானது. ஆப்பிள், சாம்சங், செல்போன் சேவை நிறுவனங்கள், மற்ற பிரவுசர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2021ஆம் ஆண்டில் கூகுள் தந்தது 2,630 கோடி டாலர்.

'யார் வேணும்னாலும் மாத்திக்கலாமே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பணம்?' என்ற கேள்வி வரும். பெரும்பாலானவர்கள் மாற்றுவதே இல்லை என்பதுதான் பதில். அந்த வழக்கின் தீர்ப்பிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒட்டுமொத்தத் தேடல்களில் மைக்ரோசாப்ட்டின் பிங் பெறுவது மிகச் சிறிய பங்கு. சுமார் 90 சதவீதம் கூகுளுக்குத்தான். ஆனால் பிங் டீஃபால்ட்டாக இருக்கும் எட்ஜ் பிரவுசரில் மட்டும் கணக்கு தலைகீழ். அங்கே சுமார் 80 சதவீதத் தேடல்கள் பிங்கில் நடக்கின்றன. கையில் கொடுத்ததை அப்படியே பயன்படுத்துவதுதான் பலரின் வழக்கம்.

அதற்காக எதைக் கொடுத்தாலும் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்றும் சொல்ல முடியாது. 2014ஆம் ஆண்டு இறுதியில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லா, அமெரிக்காவில் கூகுளை எடுத்துவிட்டு யாஹூவை டீஃபால்ட் ஆக்கியது. பயனர்களில் பலர் தாங்களாகவே செட்டிங்ஸுக்குப் போய் கூகுளுக்குத் திரும்பினார்கள். 5 ஆண்டுகளுக்குப் போடப்பட்ட அந்த ஒப்பந்தத்தை 2017 நவம்பரிலேயே மொசில்லா முடித்துக்கொண்டு கூகுளுக்கு மாறியது. பிடிக்கவே இல்லை என்றால் மாற்றுவார்கள். 'பரவாயில்லை' ரகமாக இருந்தால் யாரும் தொடுவதில்லை.

நீதிமன்றம் என்ன சொன்னது?

தேடல் சந்தையில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்திருக்கிறது என்று 2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி அமெரிக்க மாவட்ட நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். இந்த டீஃபால்ட் ஒப்பந்தங்களே அந்த வழக்கின் மையம்.

இதற்கு என்ன பரிகாரம் என்ற உத்தரவு 2025 செப்டம்பர் 2ஆம் தேதி வந்தது. குரோம் பிரவுசரை கூகுள் விற்க வேண்டும் என்ற அரசுத் தரப்பின் கோரிக்கையை நீதிபதி ஏற்கவில்லை. டீஃபால்ட் இடத்துக்குப் பணம் தருவதையும் முழுமையாகத் தடுக்கவில்லை. ஆனால் 'எங்களை மட்டும்தான் வைக்க வேண்டும்' என்று கட்டிப்போடும் ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்தார். தேடல் தரவுகளில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுடன் பகிரவும் உத்தரவிட்டார்.

இந்தியாவில் என்ன நிலைமை?

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20ஆம் தேதி, ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போனை முதன்முதலில் செட்டப் செய்யும்போதே எந்தத் தேடுபொறி வேண்டும் என்பதைத் தேர்வு செய்ய பயனர்களுக்கு வாய்ப்பு தர வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் ஓர் அம்சம். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இந்த உத்தரவுக்குத் தடை விதிக்க மறுத்தது. அதன் பிறகு, புதிய ஆண்ட்ராய்டு போன்களில் தேடுபொறியைத் தேர்வு செய்யும் திரை இந்தியாவில் வரும் என்று கூகுள் அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆணையம் பிறப்பித்த கட்டளைகளில் சிலவற்றை மட்டும் ரத்து செய்தது.

எனவே புது போன் வாங்கி செட்டப் செய்யும்போது தேடுபொறிப் பட்டியல் வந்தால் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போக வேண்டாம். ஒரு நிமிஷம் நின்று படித்துப் பார்த்துத் தேர்வு செய்யலாம்.

மாற்றுவது எப்படி?

இதற்கு ஒரு நிமிடம் போதும். எந்தத் தகவலும் அழியாது. பிடிக்காவிட்டால் அதே வழியில் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

*குரோம், ஆண்ட்ராய்டு போனில்:* குரோமைத் திறந்து மேலே மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டவும். 'செட்டிங்ஸ்' உள்ளே 'சர்ச் இன்ஜின்' இருக்கும். பட்டியலில் வேண்டியதைத் தொட்டால் முடிந்தது.

*குரோம், கம்ப்யூட்டரில்:* மூன்று புள்ளிகள், 'செட்டிங்ஸ்', இடப்பக்கப் பட்டியலில் 'சர்ச் இன்ஜின்' என்று போகவும். முகவரிப் பட்டியில் பயன்படும் தேடுபொறி எது என்பது அங்கே தெரியும், அங்கேயே மாற்றலாம். அதற்குக் கீழே உள்ள 'மேனேஜ்' பகுதியில் தேடுபொறிகளின் முழுப் பட்டியலும் இருக்கும். அதில் தெரியாத பெயர் எதுவும் இருந்தால் நீக்கிவிடுவது நல்லது.

*ஃபயர்பாக்ஸ்:* கம்ப்யூட்டரில் மூன்று கோடுகளை அழுத்தி 'செட்டிங்ஸ்', 'சர்ச்' என்று போனால் 'டீஃபால்ட் சர்ச் இன்ஜின்' இருக்கும். பிரைவேட் விண்டோவுக்கு மட்டும் தனியாக வேறொரு தேடுபொறியை வைக்கும் வசதியும் இதில் உண்டு.

*எட்ஜ்:* இதில் செட்டிங் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. 'செட்டிங்ஸ்' திறந்து அதன் தேடல் பெட்டியில் 'அட்ரஸ் பார்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் சீக்கிரம் கிடைக்கும். புது டேப் திறக்கும்போது நடுவில் வரும் தேடல் பெட்டிக்குத் தனி செட்டிங் இருக்கிறது. அதையும் 'அட்ரஸ் பார்' என்று மாற்றினால்தான் நீங்கள் தேர்வு செய்த தேடுபொறி அங்கேயும் வேலை செய்யும்.

*ஐபோன், சஃபாரி:* ஐஓஎஸ் 18 முதல், போனின் 'செட்டிங்ஸ்' உள்ளே 'ஆப்ஸ்', அதில் 'சஃபாரி', அதில் 'சர்ச் இன்ஜின்'. பழைய பதிப்புகளில் 'செட்டிங்ஸ்' உள்ளேயே நேராக 'சஃபாரி' இருக்கும்.

மாத்தியாச்சு, ஆனா மாறலையே?

இப்படித் தோன்ற மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஆண்ட்ராய்டு போனின் முகப்புத் திரையில் இருக்கும் கூகுள் பட்டி. அது குரோமின் பகுதி அல்ல, கூகுள் ஆப்பின் விட்ஜெட். குரோமில் என்ன மாற்றினாலும் அந்தப் பட்டி கூகுளில்தான் தேடும். பல போன்களில் அதை அழுத்திப் பிடித்து நீக்கிவிட்டு, விருப்பமான தேடுபொறியின் ஆப்பை இன்ஸ்டால் செய்து அதன் விட்ஜெட்டை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு பிரவுசருக்கும் செட்டிங் தனித்தனி. குரோமில் மாற்றியது எட்ஜில் மாறாது.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. மாற்றி வைத்தாலும் மறுநாள் பழையபடி அந்தத் தெரியாத பக்கமே வருகிறது என்றால், உள்ளே 'பிரவுசர் ஹைஜாக்கர்' எனப்படும் நிரல் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் தேடல்களைத் தன் பக்கம் திருப்பி விளம்பரம் காட்டிச் சம்பாதிப்பதுதான் அதன் தொழில்.

அதை வெளியேற்ற, முதலில் பிரவுசரின் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் உங்களுக்குத் தெரியாத எல்லாவற்றையும் நீக்கவும். அடுத்து, கம்ப்யூட்டரில் சமீபத்தில் இன்ஸ்டால் ஆன சாப்ட்வேர்களில் சந்தேகமானவற்றை அன்இன்ஸ்டால் செய்யவும். பிறகு பிரவுசர் செட்டிங்ஸில் 'ரீசெட்' கொடுக்கவும். குரோமில் இப்படிச் செய்தால் புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அழியாது.

வீட்டு கம்ப்யூட்டரில் குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அதையும் விசாரிக்க வேண்டும். அலுவலக லேப்டாப்பில் அது சாதாரணம். சில பாதுகாப்பு சாப்ட்வேர்களாலும் வரலாம். ஆனால் எந்தக் காரணமும் தெரியவில்லை என்றால் ஹைஜாக்கரின் வேலையாகவும் இருக்கலாம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில், தீங்கான நிரல்களைக் கண்டுபிடித்து நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

எதற்கு மாறலாம்?

இது அவரவர் தேவையைப் பொறுத்தது. தமிழில் டைப் செய்து தேடுபவர்கள், உள்ளூர்க் கடை, பஸ் நேரம் என்று தேடுபவர்கள் முதலில் இரண்டு மூன்று தேடுபொறிகளில் ஒரே கேள்வியைப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

தேடல் வரலாற்றை வைத்துத் தன்னைப் பின்தொடரக் கூடாது என்று நினைப்பவர்கள் டக்டக்கோவைப் பார்க்கலாம். அதன் வழக்கமான தேடல் முடிவுகள் பெரும்பாலும் பிங்கிலிருந்து வருபவை. கூகுள் முடிவுகளே வேண்டும், ஆனால் தன் விவரம் போகக் கூடாது என்பவர்களுக்கு ஸ்டார்ட்பேஜ் இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த எகோசியா, தன் லாபத்தை மரம் நடுதல் போன்ற சுற்றுச்சூழல் பணிகளுக்குச் செலவிடுகிறது.

தேடுபொறியை மாற்றுவதால் பழைய தேடல்கள் அழிந்துவிடாது. கூகுள் கணக்கில் ஏற்கனவே சேர்ந்திருக்கும் தேடல் வரலாற்றை அந்தக் கணக்கின் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்துக்குப் போய்த் தனியாகத்தான் நீக்க வேண்டும்.

எந்தத் தேடுபொறியாக இருந்தாலும் இதை மறக்காதீங்க

முதலில் சொன்ன ஜெராக்ஸ் கடைக்கே வருவோம். அங்கே ஆபத்து தேடுபொறியின் பெயர் மாறியதில் இல்லை. அந்தப் பக்கம் காட்டிய செல்போன் நம்பரில்தான் இருக்கிறது. போலி கஸ்டமர் கேர் நம்பர்கள் எந்தத் தேடுபொறியிலும் விளம்பரமாகவோ, முடிவாகவோ நுழையலாம். மின் கட்டணம், வங்கி, கேஸ் புக்கிங் போன்ற பண விஷயங்களுக்கு, பழைய ரசீதிலோ பாஸ்புக்கிலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் முகவரியையும் நம்பரையும் மட்டும் பயன்படுத்தலாம். சரியான தளத்தை ஒருமுறை கண்டுபிடித்து புக்மார்க் செய்து வைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

ஒருவேளை ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.