ரயில் இஞ்சினின் படம் யாருக்குச் சொந்தம்?

செனாயில் சட்டை அச்சடிக்கும் கடை வைத்திருக்கும் அண்ணன், என் கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். டார்ஜிலிங் மலை ரயில். நீல நிற நீராவி இஞ்சின், அதற்கு மேலே புகை, பின்னால் மலை. இரண்டு இரவு கண்விழித்து நான் செய்த வடிவமைப்பு.

"இஞ்சின் அழகாத்தான் இருக்கு தங்கச்சி. மூலையில எழுத்தெல்லாம் பின்னிப் பின்னி ஒண்ணு வச்சிருக்கியே, அது யாரோட லோகோ?"

"டார்ஜிலிங் ரயில்வேயோடதுதான் அண்ணே. நெட்ல எடுத்தேன்."

"அவங்ககிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. ஒரு ரயிலிடம் போய் யார் அனுமதி கேட்பார்கள் என்று அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. வேறு ஊரில் கடை வைத்திருந்தபோது, யாரோ கொடுத்த காற்பந்துக் குழுச் சின்னத்தை அச்சடித்துக் கொடுத்து, அமலாக்க அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வந்திருக்கிறது. "சின்னத்துக்கு மட்டும் ஒரு கடிதம் கொண்டுவா, இல்லேன்னா எடுத்துடு" என்று சொல்லிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் பல்கலைக்கழக இந்திய கலாசாரக் கழகம் அந்தச் சட்டைக்கு ஏற்கெனவே முன்பணம் வாங்கிவிட்டது. 43 பேர், ஆளுக்கு 15 வெள்ளி. மீதி வரும் பணம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நாங்கள் நடத்தும் டியூஷன் வகுப்புக்கு. விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். டார்ஜிலிங் ரயில்வே 1881-இல் திறக்கப்பட்டது. தண்டவாளத்தின் அகலம் 2 அடிதான். அதனால்தான் "பொம்மை ரயில்" என்ற பெயர். 1999-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம்மில் பலருக்கு 'மூன்றாம் பிறை' படத்தால் பழகிப்போன ஊட்டி ரயிலுக்கு 2005-இல்தான் அந்தப் பெருமை கிடைத்தது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பொது அறிவு. எனக்குத் தெரியாதது 2021 ஆகஸ்டில் வந்த செய்தி. டார்ஜிலிங் ரயில்வேக்கு நூறு ஆண்டுக்கும் மேலாக இரண்டு சின்னங்கள் உண்டு. ஒன்றில் அதன் முழுப் பெயர் இருக்கும். மற்றொன்றில் டி, எச், ஆர் என்ற மூன்று எழுத்துகள் பின்னிக் கிடக்கும். ஐரோப்பாவில் சிலர் இவற்றைத் தங்கள் விற்பனைப் பொருள்களில் விருப்பம்போல் பயன்படுத்திவந்தார்கள். சின்னம் பதிவு செய்யப்படாததால் இந்தியாவால் தடுக்க முடியவில்லை. பிறகு ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனம் வழியாக இரண்டையும் இந்தியா தன் வணிகச் சின்னங்களாகப் பதிவு செய்தது. இனி பயன்படுத்த விரும்புவோர் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும் என்பதுதான் செய்தி.

நான் மூலையில் ஒட்டியிருந்தது அந்தப் பின்னல் எழுத்துகளைத்தான்.

இந்த ரயில்வேயின் 19ஆம் எண் இஞ்சினின் கதை இந்த விஷயத்தை எனக்குத் தெளிவாக்கியது. அதை 1962-இல் ஓர் அமெரிக்க ரயில் ஆர்வலர் வாங்கினார். அமெரிக்காவில் பல ஆண்டு இருந்துவிட்டு அது இங்கிலாந்துக்குப் போனது. இரும்பு, கொதிகலன், சக்கரம் எல்லாம் இன்று அங்கே இருப்பவர்களுக்குச் சொந்தம். ஆனால் இஞ்சினை விலைக்கு வாங்கியதால் ரயில்வேயின் சின்னம் கூடவே கைமாறிவிடாது. பொருள் வேறு, சின்னம் வேறு. பழைய தேநீர்க் கடையின் மேசை நாற்காலியை ஏலத்தில் எடுத்தவர் அந்தக் கடைப் பெயரில் தேநீர் விற்க முடியாதல்லவா, அதுபோலத்தான்.

சரி, சின்னத்தை எடுத்துவிடலாம். இஞ்சினின் உருவம்? அதுவும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்க முடியுமா?

இந்தக் கேள்விக்காக அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. யூனியன் பசிபிக் என்பது அங்குள்ள மிகப் பெரிய ரயில் நிறுவனங்களில் ஒன்று. 'பிக் பாய்' என்ற ராட்சத நீராவி இஞ்சின் அவர்களுடையதுதான். அந்த வகையில் 4014ஆம் எண் இஞ்சினைப் பழுது பார்த்து 2019-இல் மறுபடி ஓட விட்டார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தங்கள் பெயரும் வண்ணமும் உள்ள மாதிரி ரயில்களைச் செய்து விற்பவர்கள் உரிமம் வாங்கி ராயல்டி கட்ட வேண்டும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. 2004-இல் அதீர்ன், லயனல் என்ற இரண்டு மாதிரி ரயில் நிறுவனங்கள் மீது வழக்கும் போட்டது. தான் விழுங்கிவிட்ட சதர்ன் பசிபிக், மிசௌரி பசிபிக் போன்ற பழைய ரயில்வேக்களின் பெயர்களுக்கும் சேர்த்துத்தான் உரிமை கேட்டது. அந்தப் பெயர்களில் இப்போது ஒரு ரயில்கூட ஓடவில்லை.

மாதிரி ரயில் ஆர்வலர்கள் கொதித்துப்போனார்கள். பல தலைமுறையாக உங்கள் ரயிலை வீட்டுக்குள் வைத்து இலவச விளம்பரம் செய்தவர்கள் நாங்கள்தானே என்பது அவர்கள் வாதம். எம்.டி.எச். என்ற இன்னொரு நிறுவனமும் நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றது. கடைசியில் 2006-இல் சமரசம் ஏற்பட்டு, மாதிரி ரயில் செய்பவர்களிடம் ராயல்டி வாங்குவதை யூனியன் பசிபிக் கைவிட்டது. சமரசத்தில் முடிந்ததால், யார் சொன்னது சட்டப்படி சரி என்று எந்த நீதிபதியும் எழுதவில்லை. படித்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

ஆனால் பக்கத்து வழக்குகள் இருக்கின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் உள்ள ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகம் தன் கட்டடத்தின் வடிவத்தையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருந்தது. அந்தக் கட்டடத்தைப் படம் பிடித்துச் சுவரொட்டியாக விற்ற புகைப்படக்காரர் மீது வழக்கு. விற்கக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் போட்ட தடையை 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. சுவரொட்டியில் தெரிவது வெறும் கட்டடம். அதைப் பார்ப்பவர், 'இதைத் தயாரித்தது அந்த அருங்காட்சியகம்' என்று நினைத்துக்கொள்வார் என்பதற்கு ஆதாரம் போதாது என்பதே காரணம். ஜெர்மனியிலும் ஓப்பல் கார் நிறுவனம், தன் சின்னத்தோடு பொம்மைக் கார் விற்ற ஆட்டெக் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, 2010-இல் தோற்றது. பொம்மைக் காரில் உள்ள சின்னம் நிஜக் காரின் அடையாளமாகத்தான் தெரிகிறது, பொம்மையைச் செய்தவர் யார் என்று சொல்லவில்லை என்றது நீதிமன்றம்.

வணிகச் சின்னச் சட்டத்தின் உயிரே இந்தக் கேள்விதான்: வாங்குபவர், இது யாரிடமிருந்து வந்தது என்று குழம்புவாரா? படம் அழகா, புகழ் பெற்றதா என்பது அடுத்த விஷயம். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 27-இல் நடப்புக்கு வந்தது. பெயர், சின்னம் மட்டுமல்லாமல் வடிவம், ஒலி, மணம்கூட இப்போது பதிவு செய்யலாம். ஆகவே, 'வெறும் உருவம்தானே' என்று நாம் அசட்டையாக இருக்கவும் முடியாது. மும்பையின் தாஜ் மகால் பேலஸ் ஹோட்டல் 2017-இல் தன் கட்டடத் தோற்றத்தைப் பதிவு செய்தது நினைவிருக்கலாம்.

என் கருத்து ஒரு பக்கம் முழுதாகச் சாயவில்லை. சின்னத்தைக் காக்க இந்தியா பதிவு செய்தது நியாயமாகவே படுகிறது. நூறு வயது இஞ்சின்களுக்கு உதிரிபாகம் கடையில் கிடைக்காது. தீன்தாரியா பட்டறையில் ஆள் வைத்துத்தான் அவற்றை உயிரோடு வைத்திருக்கிறார்கள். நினைவுப் பொருள் விற்று லாபம் பார்க்கும் நிறுவனம் அதற்கு ஒரு பங்கு தரட்டுமே. ஆனால் அந்த இஞ்சினின் உருவத்தை ஒரு மாணவி வரைவதற்கும் கட்டணம் என்று வந்தால், நான் மாதிரி ரயில்காரர்கள் பக்கம்தான் நிற்பேன்.

இதில் நான் இன்னொரு தவறும் செய்திருந்தேன். இஞ்சினை நான் 'வரைந்தேன்' என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் யாரோ எடுத்த புகைப்படத்தின் மேல் கோடு இழுத்தேன். அந்தப் புகைப்படத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அது ரயில்வேக்கும் வணிகச் சின்னத்துக்கும் சம்பந்தமில்லாத தனி உரிமை. அண்ணன் அதைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் கண்டுபிடித்து, நானாகத்தான் வெட்கப்பட்டேன்.

மறுநாள் தாத்தாவிடம் உட்கார்ந்தேன். சிறுவனாக இருந்தபோது கூலாய் நிலையத்தில் நீராவி ரயில் பார்த்தவர் அவர். அவர் சொல்லச் சொல்ல வெள்ளைத்தாளில் பென்சிலால் வரைந்தேன். புகைபோக்கி இவ்வளவு உயரம் இல்லை என்றார், அழித்தேன். விளக்கு இன்னும் பெரிது என்றார், மாற்றினேன். மூன்றாவது தாளில்தான் தலையாட்டினார்.

"நம்பர் எங்கம்மா? நம்பர் இல்லாத இஞ்சின் உண்டா?"

எந்த நிறுவனத்தின் எழுத்தும் வேண்டாம் என்று விட்டிருந்தேன். கடைசியில் அவர் பிறந்த ஆண்டையே போட்டோம், 1951.

அண்ணன் நான்கு நாளில் அச்சடித்துக் கொடுத்தார். டார்ஜிலிங் ரயில்தான் வேண்டும் என்று இரண்டு பேர் முன்பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். தாத்தாவுக்கு ஒரு சட்டை எடுத்து வந்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, புகைபோக்கி இன்னும் கொஞ்சம் உயரம்தான் என்றார்.