12 வருஷம் படிச்சும் இங்கிலீஷ் பேச வரலையே, ஏன்? தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்த ஒரு சோதனை சொல்வது என்ன?

கல்லூரி வளாக நேர்காணல். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆங்கிலத்தில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறார். மாணவி தடுமாறவில்லை. பெயர், ஊர், படிப்பு, "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்" என்று கடகடவென ஒப்பிக்கிறார். அடுத்து ஒரு சின்னக் கேள்வி: "வாட் டஸ் யுவர் ஃபாதர் க்ரோ?"

அங்கேதான் நின்றுவிடுகிறது. அப்பா நிலக்கடலை போடுகிறார், ரெண்டு ஏக்கர், போன வருஷம் மழையில் போச்சு. எல்லாம் அவருக்குத் தெரியும். 'க்ரோ' என்ற சொல்லுக்கும் அர்த்தம் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 90க்கு மேல் மார்க் வேறு. ஆனால் வாய் திறக்க வரவில்லை. வேலை கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

"கிராமத்துப் பிள்ளைங்க, கூச்சம்" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் இதற்குக் காரணம் கூச்சம் மட்டும் அல்ல.

மார்க் எதற்குக் கிடைக்கிறது?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு 100 மதிப்பெண் எழுத்துத் தேர்வு. பேசுவதற்கு ஒரு மார்க்கும் கிடையாது. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு, நிறுத்தக்குறி இடு, மனப்பாடச் செய்யுளை எழுது, பாடத்திலிருந்து பத்திக் கேள்விக்கு விடை எழுது என்று போகும் வினாத்தாள். 35 எடுத்தால் பாஸ். அந்த 35ஐ எப்படியாவது எடுக்க வைக்க 'மினிமம் மெட்டீரியல்' என்ற பெயரில் சின்னக் கையேடுகள் சுற்றுகின்றன. ஒரு மாணவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூட சொந்தமாகச் சொல்லாமலே நல்ல மார்க் வாங்கிவிட முடியும். ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. தேர்ச்சி விகிதம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

தமிழிலிருந்து போகும்போது எங்கே இடிக்கிறது?

தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நடுவில் வந்துவிடும். 'போனேன்' என்ற ஒரே சொல்லில் யார், எப்போது என்று இரண்டும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைப் பிரித்து வைக்க வேண்டும். 'எ', 'த' போன்றவற்றுக்குத் தமிழில் நேரான சொல்லே இல்லை.

இன்னும் வம்பானது எதிர்மறை. 'ஐ வென்ட்' என்பதை மறுத்தால் 'ஐ டிட் நாட் கோ'. இறந்தகாலம் 'வென்ட்'டை விட்டுவிட்டு 'டிட்'டுக்குத் தாவிவிடும். அதனால்தான் 'டிட் நாட் வென்ட்' என்ற தவறு இத்தனை சகஜம். வேடிக்கை என்னவென்றால், இதைத் தேர்வில் சரியாகத் திருத்தி எழுதும் அதே பிள்ளை, பேசும்போது தப்பாகச் சொல்லும். தாளில் யோசிக்க நேரம் உண்டு. பேச்சில் அரை நொடிதான். மொழியின் விதியைத் தெரிந்துவைப்பதும், யோசிக்காமல் அதைப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல.

அப்படியென்றால் எப்படித்தான் சொல்லிக் கொடுப்பது?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது நம் பக்கத்தில்தான். அதில் பேசப்பட்ட பல விஷயங்கள் இன்று உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் பாடமாக இருக்கின்றன. இங்கேதான் அதிகம் பேர் கேள்விப்பட்டதில்லை.

1950களிலிருந்து தென்னிந்தியப் பள்ளிகளில் 'ஸ்ட்ரக்சுரல்' முறை கொடிகட்டிப் பறந்தது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினம் என வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. 'திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ பென்' என்று வகுப்பே கோரஸாகச் சொல்லும். ஆனால் வகுப்பை விட்டு வெளியே வந்தால் பிள்ளைகளால் அதைப் பயன்படுத்த முடியவில்லை என்ற அதிருப்தி வளர்ந்துகொண்டே வந்தது.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அதிகாரியாக இருந்த என்.எஸ். பிரபு, பெங்களூரு மண்டல ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979இல் வேறு வழியில் இறங்கினார். 1984 வரை நடந்த இந்த முயற்சிக்கு 'பெங்களூர் புராஜெக்ட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களில் சில பள்ளிகள், சுமார் 8 முதல் 15 வயதுப் பிள்ளைகள். வகுப்புக்கு 30 முதல் 60 பேர் வரை. ஏசி அறையும் இல்லை, விசேஷக் கருவியும் இல்லை. கரும்பலகை, சாக்பீஸ், பேப்பர், பென்சில்தான்.

அவருடைய வாதம் இதுதான்: ஒரு பிள்ளையின் கவனம் மொழியின் மேல் இல்லாமல் அர்த்தத்தின் மேல் இருக்கும்போதுதான் இலக்கணம் நன்றாக உள்ளே இறங்கும். ஆகவே இலக்கண வகுப்பே வேண்டாம், தீர்க்க வேண்டிய ஒரு கணக்கைக் கொடு.

வகுப்பில் என்ன நடந்தது?

ஒரு ரயில் கால அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கிறார்: இந்த ரயில் காலை 9.40க்குக் கிளம்பி 12.10க்குச் சேருகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது? பகல் 12 மணிக்கு அந்த ஊரில் ஒரு கூட்டம் இருந்தால், இந்த ரயிலில் போகலாமா? ஏன் கூடாது? முதலில் வகுப்பு முழுவதும் சேர்ந்து, ஆசிரியர் வழிநடத்த, இதைப் பேசித் தீர்ப்பார்கள். அடுத்து அதே மாதிரி இன்னொரு அட்டவணை. இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக. மார்க் இலக்கணத்துக்கு இல்லை, விடை சரியா என்பதற்குத்தான்.

வரைபடம் பார்த்து வழி சொல்வது, விதியைப் படித்து இவருக்கு அது பொருந்துமா என்று கண்டுபிடிப்பது எனப் பயிற்சிகள் நீளும். ஒருவருக்குத் தெரிந்த தகவலை இன்னொருவருக்குச் சொல்வது ஒரு வகை, சொந்தக் கருத்தைச் சொல்வது இன்னொரு வகை. பிரபுவுக்குப் பிடித்தது மூன்றாவது: கொடுத்த தகவலிலிருந்து யோசித்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது.

பிள்ளைகள் தாய்மொழியில் பேசினால் அடிதடி இல்லை. தப்பாகச் சொன்னால், வீட்டில் மழலை பேசும் குழந்தையிடம் பெரியவர்கள் செய்வது போல, ஆசிரியர் அதையே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். விதியை விளக்கி வகுப்பை நிறுத்த மாட்டார். பயிற்சி கடினமா எளிதா என்று பார்க்க ஒரு அளவுகோலும் இருந்தது: வகுப்பில் பாதிப் பேராவது பாதிக் கேள்விகளுக்காவது சரியாக விடை சொன்னால் அது பொருத்தமான பயிற்சி.

வேலை செய்ததா?

திட்ட வகுப்புகளையும் வழக்கமான வகுப்புகளையும் ஒப்பிட்டு ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற இரண்டு வெளி ஆய்வாளர்கள் 1985இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாக்கிய அமைப்பை நேரடியாகச் சோதிக்கும் தேர்வில், பழைய முறையில் படித்தவர்கள் சளைக்கவில்லை. ஆனால் புரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டிய தேர்வுகளில் திட்ட மாணவர்கள் பெரும்பாலும் முந்தினார்கள். இலக்கணப் பாடமே நடத்தாத பிள்ளைகளுக்கு, சூழலோடு கேட்டால் இலக்கணம் வந்தது. ஆனாலும் ஆய்வாளர்கள் தங்கள் முடிவை எச்சரிக்கையோடுதான் சொன்னார்கள்.

குறை இல்லாமல் இல்லை. திட்டத்தில் பாடம் எடுத்தவர்களில் பலர் சாதாரணப் பள்ளி ஆசிரியர்களைவிட அதிகப் பயிற்சியும் ஆர்வமும் உள்ளவர்கள். எனவே ஜெயித்தது முறையா, ஆசிரியரா என்ற கேள்வி அன்றே எழுந்தது. நியாயமான கேள்விதான். வாய் திறந்து பேசுவதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வதற்கே வகுப்பில் அதிக இடம் இருந்தது என்ற விமர்சனமும் உண்டு.

பிரபு 1987இல் இதைப் புத்தகமாக எழுதினார். பிறகு 'டாஸ்க்' வழிக் கற்பித்தல் என்ற பெயரில் உலகம் முழுக்க இந்தப் பாதை பரவியது. 1990களில் ஹாங்காங் பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டமே அந்தப் பக்கம் திரும்பியது.

இங்கே ஏன் நிலைக்கவில்லை?

ரயில் அட்டவணையை வைத்து ஒரு பாடவேளை முழுக்கப் பேசினால், போர்ஷன் முடியாது. பேசினதற்குத் தேர்வில் மார்க்கும் வராது. ஆசிரியருக்கே ஆங்கிலத்தில் சரளமாகப் பேசப் பயம் இருந்தால், அச்சடித்த வினா விடைதான் பாதுகாப்பு. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் விரிந்தன. ஆனால் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதாலேயே வகுப்பில் ஆங்கிலம் புழங்கிவிடாது. அறிவியலையும் மனப்பாடம் செய்து எழுத முடியும்.

பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கும் ஆசிரியருக்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை. கையில் இருக்கும் மின் கட்டண ரசீது போதும். எத்தனை யூனிட், போன முறையைவிட எவ்வளவு கூட, ஏன் கூடியிருக்கும் என்று வாரத்தில் ஒரு பாடவேளை ஆங்கிலத்தில் கேட்கலாம். விவசாயி வீட்டுப் பிள்ளையிடம் கேட்கவும் கேள்வி இருக்கிறது: அப்பா என்ன போடுறார், எத்தனை ஏக்கர், மூட்டை என்ன விலைக்குப் போச்சு?