ஐந்து மில்லி ஆம்பியர்

மீஞ்சூரில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால் மூர்மார்க்கெட்டில் இறங்கலாம். அங்கிருந்து ரிச்சி தெரு பக்கம்தான். நம் பகுதியில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தெரு அத்துப்படி. அங்கே வாங்கிவரும் சாமான்களில் சிவப்பு லேசர் டையோடும் ஒன்று. மிளகைவிடச் சற்றே பெரிய உலோகக் குப்பி, அடியில் மூன்று கால்கள். அதை ஒரு குழாயில் பொருத்தி, முன்னால் லென்ஸ் வைத்தால் கையடக்க லேசர் தயார். வெல்டிங் பட்டறையில் ஆங்கிள்களை நேர்கோட்டில் நிறுத்தவும், மோட்டார் ஷாஃப்ட்டை ஒழுங்கு பார்க்கவும் நன்றாகவே உதவும்.

எல்லோரும் டையோடையும் லென்ஸையும் தேடித் தேடி வாங்குகிறார்கள். பேட்டரிக்கும் டையோடுக்கும் நடுவில் வரும் டிரைவர் சர்க்யூட்டை மட்டும் கடைசியில், கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். டையோடு பிழைப்பதும் பார்ப்பவர் கண் பிழைப்பதும் அதைப் பொறுத்தவை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

சாதாரண பல்புக்குக் கரண்ட் கொஞ்சம் கூடினால் வெளிச்சமும் கொஞ்சம் கூடும். லேசர் டையோடு அப்படிப்பட்டதல்ல. ஒரு குறிப்பிட்ட அளவு கரண்ட் வரும்வரை அதில் லேசரே பிறக்காது. மங்கலான சிவப்புதான் தெரியும். அந்த அளவைத் தொடக்கக் கரண்ட் என்பார்கள். அதைத் தாண்டிய ஒவ்வொரு மில்லி ஆம்பியரும் நேராக ஒளியாகும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 650 நானோமீட்டர் சிவப்பு டையோடு. தொடக்கக் கரண்ட் 20 மில்லி ஆம்பியர். 25-ல் 5 மில்லிவாட் ஒளி தருகிறது. டையோடு எடுத்துக்கொள்ளும் வோல்டேஜ் 2.2. ஐந்து வோல்ட் செல்போன் சார்ஜரில் 110 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மட்டும் தொடராகப் போட்டால் 25 மில்லி ஆம்பியர் கிடைக்கும். கணக்கு சரி. ஆனால் அந்த மலிவுச் சார்ஜர் 5.5 வோல்ட் தந்தால்? கரண்ட் 30 ஆகிவிடும். கூடியது ஐந்தே மில்லி ஆம்பியர். ஒளியோ 5-லிருந்து 10 மில்லிவாட், சரியாக இருமடங்கு. லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் 5 மில்லிவாட்டுக்கு மேல் போனாலே 3பி வகுப்பு. கண்ணுக்குள் நேராகப் பட்டால் ஆபத்து என்று சொல்லப்படும் வகுப்பு அது. டையோடின் முகப்பில் உள்ள நுண்ணிய பரப்பும் அந்த அடர்த்தியைத் தாங்காமல் நொடிக்கும் குறைவான நேரத்தில் கருகிப்போகலாம்.

ஆகவே வெறும் ரெசிஸ்டர் போதாது. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் கரண்ட்டை ஒரே அளவில் பிடித்துவைக்கும் சர்க்யூட் வேண்டும். கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது எல்எம்317 ஐ.சி. அதன் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட் நிற்கும். அங்கே 47 ஓம் போட்டால் ஏறத்தாழ 26.6 மில்லி ஆம்பியர். 56 ஓம் போட்டால் 22.3. புதிதாகச் செய்பவர் 56-ல் தொடங்குவதே நல்லது.

இதில் பலர் சறுக்கும் இடம் பேட்டரி. டையோடுக்கு 2.2, ரெசிஸ்டருக்கு 1.25, ஐ.சி. தனக்கென்று பிடித்துக்கொள்வது இரண்டு வோல்ட் அளவில். மொத்தம் ஐந்தரை வோல்ட் தேவை. ஒற்றை லித்தியம் செல்லில் 3.7 வோல்ட்தான், எல்எம்317 அதில் வேலை செய்யாது. இரண்டு செல்களைத் தொடராக வையுங்கள், அல்லது 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். ஒரே செல்தான் வைக்க முடியும் என்றால் இழப்பு குறைந்த ஐ.சி. கொண்ட ரெடிமேட் கரண்ட் டிரைவரை வாங்குவது உத்தமம்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய பிரச்சினை. சூடு ஏற ஏற டையோடின் தொடக்கக் கரண்ட்டும் ஏறும். மே மாத மதியம், தகரக் கூரைப் பட்டறைக்குள் உட்கார்ந்து, ஒளி போதவில்லை என்று கரண்ட்டைக் கூட்டி வைக்கிறோம். அதே லேசரை மார்கழி விடியலில் எடுத்தால் தொடக்கக் கரண்ட் இறங்கியிருக்கும். கரண்ட் மாறாமலேயே ஒளி எல்லை தாண்டிவிடும். ஆகவே கரண்ட்டைக் குளிர்ந்த வேளையில் வைத்து அளந்துகொள்ளுங்கள். மதியத்தில் சற்று மங்கினால் மங்கட்டும். டையோடின் மூன்றாவது கால் வேலைக்கு வருவதும் இங்கேதான். சில வகைகளில் உள்ளேயே ஒளியை அளக்கும் போட்டோ டையோடு இருக்கும். அது சொல்வதைக் கேட்டுக் கரண்ட்டைத் தானே ஏற்றி இறக்கும் டிரைவர்களும் உண்டு. செலவு செய்ய முடிந்தால் அதையே வாங்குங்கள் என்பேன்.

கரண்ட்டை மாற்றத் திருகும் பிரீசெட் வைப்பது வழக்கம். எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கத்து உப்புக் காற்றும் நிலக்கரித் தூசும் அதற்குள் புகுந்தால் தொடுமுனை நிலையாக நிற்காது. கைதவறி முழுக்கத் திருகினால் மின்தடையே இல்லாமல் போய்விடும். பிரீசெட் கட்டாயம் வேண்டுமென்றால் அதனுடன் தொடராக ஒரு 56 ஓம் நிலையான ரெசிஸ்டரைச் சேர்த்துவிடுங்கள். எவ்வளவு திருகினாலும் கரண்ட் 22.3-ஐத் தாண்டாது.

டிரைவர் தயாரானதும் உடனே டையோடை மாட்டாதீர்கள். மூன்று 1என்4007 டையோடுகளையும் ஒரு ஓம் ரெசிஸ்டரையும் வரிசையாக ஈயம் வைத்து, அந்தக் கோவையை டிரைவரின் முனையில் கொடுங்கள். மூன்றும் சேர்ந்து 2.1 வோல்ட் அளவில் எடுத்துக்கொள்வதால் டிரைவருக்கு அது லேசர் டையோடு போலவே தெரியும். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து அந்த ஒரு ஓம் ரெசிஸ்டரின் இரு பக்கமும் தொடுங்கள். திரையில் 22 என்றால் 22 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. கால் மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். எண் அசையக் கூடாது.

நான் பறிகொடுத்த முதல் டையோடு இன்னமும் மேசை டிராயரில் கிடக்கிறது. டிரைவர் சரியாகத்தான் இருந்தது. டையோடை மாட்டாமல் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்ததில் வெளிமுனைக் கெப்பாசிட்டர் பேட்டரி அளவுக்கு நிரம்பியிருந்தது. அப்படியே டையோடைத் தொட்டேன். பளிச்சென்று ஒரு சிவப்பு, அதோடு முடிந்தது. ஸ்விட்சை அணைத்து, வெளிமுனைகள் இரண்டையும் ஒரு கம்பியால் ஒன்றோடொன்று தொட்டுவிட்டு, அதன்பிறகு டையோடை ஈயம் வைத்திருக்க வேண்டும்.

பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்து எடுக்கும் டையோடுகள் நூறு மில்லிவாட்டுக்கு மேலும் போகக்கூடியவை. வீட்டில் அவற்றைத் தொடவே வேண்டாம். மலிவுப் பச்சை லேசரும் வேண்டாம். அதில் பச்சை பிறப்பதே 808 நானோமீட்டர் அகச்சிவப்பிலிருந்துதான். 2010-ல் அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகம் சோதித்த ஒரு மலிவு பாயிண்டரில் பச்சை மங்கலாக இருக்க, வடிகட்டி இல்லாததால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு 20 மில்லிவாட் அளவுக்கு வெளியே வந்தது. தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது.

2025 மே, ஜூன் மாதங்களில் சென்னையில் தரையிறங்க வந்த விமானங்கள்மீது தரையிலிருந்து யாரோ லேசர் அடித்ததும், போலீஸ் விசாரணை நடந்ததும் செய்தித்தாள்களில் வந்தவை. நமக்கு மேலே விமானம் தாழ்ந்து பறக்காமல் இருக்கலாம். ஆனால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ரயில் ஓட்டுநர்கள் வருகிறார்கள். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் இரவெல்லாம் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. லேசரைப் பட்டறைச் சுவருக்குள்ளேயே, கண்மட்டத்துக்குக் கீழே வைத்துப் பயன்படுத்துங்கள்.

விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மறைப்பதுபோல் இருந்தால், வலிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நாம் இறங்கும் ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. அன்றைக்கே போய்விடுங்கள்.