மரவீட்டு முறைகளும் கடலோர மனைகளும்

வீடு கட்டுதல் சாதாரணக் குடும்பஸ்தர் தம் ஆயுளில் ஒரு முறையே செய்யும் பெருஞ்செலவாகும். அதற்காகச் சங்கத்தில் பெறும் கடனோ பல வருஷத் தவணைக்குரியது. தவணை தீருமுன் தூண் உளுத்துப் போகுமாயின், குடியிருக்க இயலாத வீட்டுக்கு வட்டி செலுத்த நேரிடும். ஆகையால் மரத்தை எம்முறையில் உபயோகிப்பது தம் மனைக்கு ஏற்றதென்பதை அங்கத்தினர் முன்னதாகவே ஆராய்தல் அவசியம். மரவீடுகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, முழு மரங்களைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் வெட்டிக் கோத்துச் சுவராக்கும் முறை. ருஷியா, நார்வே முதலிய குளிர் தேசங்களில் இது வழக்கம். பருத்த மரம் குளிரைத் தடுக்கும். இமாசலப் பிரதேசத்தில் மரத்தையும் கல்லையும் மாறி மாறி அடுக்குவது இதற்கு நெருங்கிய முறையாகும். மரம் உலரும்போது நீளவாட்டில் சுருங்குவது அற்பம். குறுக்குவாட்டில் சுருங்குவதே அதிகம். எனவே, பச்சை மரத்தை அடுக்கினால் 8 அடிச் சுவர் 3 அங்குலத்துக்கு மேலும் தாழக்கூடும். கதவு, ஜன்னல்களுக்கு மேல் இடம் விடாவிட்டால் அவை திறவாமல் இறுகும். மரச்செலவும் இம்முறையிலேயே மிகுதி.

இரண்டாவது, சட்டங்களை நிறுத்தி, அவற்றின் காடிகளில் பலகைகளைச் செருகும் முறை. நிமிர்ந்த சட்டம் உயரத்தில் சுருங்காதாகையால் வீடு தாழ்வதில்லை. கேரளத்தின் பழைய வீடுகள் பல இத்தகையவை. கழுந்தும் துளையுமாகப் பொருத்தியிருப்பதால் இவற்றைப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் நிறுத்தலாம். திருவான்மியூரில் தொடங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால், முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து அவ்வாறு கொணர்ந்து நிறுத்திய வீட்டைக் காணலாம்.

மூன்றாவது நம் நாட்டு முறை. சுவர் மண்ணோ செங்கல்லோ ஆகும். தூண், உத்தரம், கைமரம், நிலை இவை மட்டும் மரம். செட்டிநாட்டார் இதற்குப் பர்மாத் தேக்கைத் தருவித்தனர். எளியோர் பனங்கைகளைக் கொண்டே கூரை அமைத்தனர்.

திருவான்மியூர் போன்ற கடலோர மனைகளில் மரத்துக்குப் பகைவர் மூவர்: ஈரம், கறையான், உப்புக்காற்று. முழுமரச் சுவர் குளிரைத் தடுப்பதற்கென ஏற்பட்டது. இங்கு அந்த அவசியமில்லை. அதன் அடிவரிசை தரையை ஒட்டியிருப்பதால் முதலில் உளுப்பதும் அதுவே. பலகைச் சுவர் நன்றெனினும் அகன்ற தாழ்வாரமின்றி மழைச்சாரலுக்குத் தாங்காது. ஆகவே மிதமான செலவில் கட்டுவோருக்கு மூன்றாவது முறையே சிலாக்கியம்.

எம்முறையாயினும் கவனிக்கத்தக்கவை சில உள. தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்துக. வைரம் பாய்ந்த பகுதியையே வாங்குக. தேக்கேயாயினும் வெளிப்புறத்து வெளிறிய பகுதியைக் கறையான் தின்னும். உப்புக்காற்றில் இரும்பாணி துருவேறி மரத்தையும் கெடுக்குமாதலால், கூடியவரை மர முளைகளைக் கொண்டு பிணைக்குக. மரம் நனைந்தாலும் விரைவில் உலர வழி இருத்தல் வேண்டும். இக்கரை மீனவர்கள் கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே உலர்த்தி வந்ததன் காரணம் இதுவே. கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்று புக வழிவிடுதல் அதே நன்மையைத் தரும்.

பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவையென 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. ஆகையால் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் பனங்கைகளையும் தேக்குத் தூண்களையும் அலட்சியம் செய்தலாகாது. அவை முன்னமே உலர்ந்து சுருங்கி முடிந்தவை. ஒருவர் தனியே பேரம் பேசுவதைவிட, அங்கத்தினர் சிலர் சேர்ந்து அனுபவமுள்ள தச்சரை அழைத்துச் சென்று, ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்து வாங்குவது லாபகரம். கடன் மனுவுடன் தரும் மதிப்பீட்டில் மரத்தின் விலையோடு, அது எங்கே எவ்வாறு நிற்கப் போகிறதென்பதும் காணப்படுமாயின், சங்கத்தின் பணமும் அங்கத்தினரின் வீடும் ஒருங்கே பாதுகாக்கப்படும்.