மருந்தின் எச்சமும் மண்ணின் பற்றீரியாவும்: வன்னிப் பெருநிலப்பரப்பை முன்னிட்ட சில குறிப்புகள்

மருந்து என்றதும் நமது சிந்தனை நோயாளியின் உடலோடு நின்றுவிடுகின்றது. உடலைவிட்டு வெளியேறிய பின்னர் அப்பொருளுக்கு யாது நேர்கின்றது என்னும் வினா அண்மைக்காலம்வரை அதிகம் எழுப்பப்படவில்லை. இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் இதனை எடுத்துப் பேசுவது வரம்பு மீறலாகத் தோன்றலாம். எனினும் 'அனுசேபம்' என்ற சொல் எனக்கு அவ்வுரிமையை ஓரளவு தருகின்றது. மனிதர் தம் உழைப்பினால் இயற்கையோடு நடத்தும் கொடுக்கல் வாங்கலைக் குறிக்க மார்க்ஸ் 'மூலதன'த்திற் கையாண்ட சொல்லும், உயிர்க்கலத்தினுள் நிகழும் இரசாயன மாற்றங்களுக்கு விஞ்ஞானிகள் வழங்கும் சொல்லும் ஒன்றே.

நீரிழிவு நோய்க்குத் தரப்படும் மெற்போமினை எடுத்துக்கொள்வோம். 1922இல் தொகுக்கப்பட்டு 1957இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த இம்மருந்தை மனித உடல் சிதைப்பதில்லை. உருமாற்றாமலே சிறுநீரோடு வெளியேற்றுகின்றது. குழி மலசலகூடமும் கிணறும் ஒரே வளவினுள் அமைந்த குடியிருப்பில் அது சென்று சேருமிடம் மண். மண்ணின் கீழே நீர். வழியிற் பற்றீரியாக்கள் அதனைக் குவனைல்யூரியா என்ற பொருளாக்கி விட்டுவிடுகின்றன. அதற்கப்பால் சிதைவு நிகழாதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2021இல் அக்குவனைல்யூரியாவையே நைதரசன் உணவாகக் கொண்டு வளரும் சூடோமோனாசு இனமொன்று விபரிக்கப்பட்டது. அதனையடுத்து மெற்போமினைப் பிளக்கும் வேறு பற்றீரியாக்களும், நிக்கல் அடங்கிய அவற்றின் நொதியமும் அறியப்பட்டன. 1922க்கு முன் உலகில் மனிதர் தொகுத்திராத ஒரு பொருளை உண்ணும் ஆற்றலை நுண்ணுயிர்கள் இவ்வளவு விரைவிற் பெற்றுக்கொண்டமை வியப்புக்குரியது.

ஆனால் சிதைவு ஒரே வெட்டில் முடிந்துவிடுவதில்லை. பரசிற்றமோலின் கதை இதனைத் தெளிவாக்கும் (பனடோல் என்றாற் சிறுவருக்கும் விளங்கும்). பற்றீரியாவின் நொதியமொன்று அதன் அமைட்டுப் பிணைப்பை அறுக்கின்றது. பிரிந்த அசற்றேற்று உணவாகின்றது. எஞ்சும் அமினோபீனோல் மூலமருந்தைக் காட்டிலும் நச்சுத்தன்மை கூடியது. அடுத்த நொதியம் அதனை ஐதரோகுவினோனாக மாற்றி, பின்னொன்று வளையத்தைத் திறந்தாலன்றிக் காபனீரொட்சைட்டும் நீரும் தோன்றா. இடையிற் சங்கிலி அறுந்தால், மருந்து மறைந்துவிட்டது என்று ஆய்வுகூட அளவீடு கூறும்; நஞ்சு அங்கேயே இருக்கும். கழிவுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சுவிங்கோமோனாசு வகையொன்று இபுப்புரோபனைச் சிதைக்கின்றது என 2005இல் அறியப்பட்டது. வலிப்பு நோய்க்கான காபமசெப்பினோ சாதாரண சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரும்பாலும் சேதமின்றிக் கடந்துசெல்கின்றது.

இன்னொரு தடையும் உண்டு. நீர்நிலைகளில் மருந்தெச்சம் இருப்பது பெரும்பாலும் ஒரு லீற்றருக்கு ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவாகவே. அதை உண்டு எந்தப் பற்றீரியாவும் வயிறு நிரப்ப முடியாது. வேறு சேதனப் பொருளை உண்டு வாழும்போது, அதற்கெனச் சுரந்த நொதியம் மருந்தையும் தற்செயலாகத் தாக்குவதுண்டு. இதனை இணை அனுசேபம் என்பர். ஆகவே தனியொரு 'வீர' பற்றீரியாவைப் போத்தலில் அடைத்துக் குளத்தில் ஊற்றினாற் போதும் என்பது வியாபாரியின் கனவு. ஊற்றப்பட்டது பெரும்பாலும் உள்ளூர் இனங்களோடு போட்டியிட்டுத் தோற்றுப்போகும். சிதைப்பது ஒரு கூட்டம். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு.

நுண்ணுயிர்க்கொல்லிகளின் விடயம் மேலும் சிக்கலானது. துப்புரவு செய்யவேண்டிய உயிரையே கொல்லும் பொருள் அது. 2007இல் வெளியான ஆய்வொன்று, ஐதராபாத்துக்கு அண்மையிலுள்ள பட்டாஞ்செருவில் ஏறத்தாழ 90 மருந்துற்பத்தி நிறுவனங்களின் கழிவைப் பெற்ற சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், சிப்ரோபுளொக்சசின் ஒரு லீற்றருக்கு 31 மில்லிகிராம்வரை இருந்ததைக் காட்டியது. மருந்துண்ட நோயாளியின் குருதியிற் காணப்படுவதிலும் இது அதிகம். உலகச் சந்தைக்கு மலிவாக மாத்திரை சென்றது. விலையிற் சேராத செலவு அவ்வூர் உழவரின் கிணற்றில் இறங்கியது. 2008இல் மண்ணிலிருந்து பெறப்பட்ட பல பற்றீரியாக்கள் நுண்ணுயிர்க்கொல்லிகளையே ஒரே காபன் உணவாகக் கொண்டு வளர்ந்தமை கண்டறியப்பட்டது. அவற்றுட் பல அம்மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றலும் உடையவை. அவ்வாற்றலுக்குரிய பரம்பரை அலகு நோய்க்கிருமிக்குக் கைமாறுமாயின், சுத்தப்படுத்த வந்தவரே பகைவருக்கு ஆயுதம் கொடுத்ததாக முடியும்.

வன்னியிற் பட்டாஞ்செரு இல்லை. இங்கு எச்சம் வருவது வைத்தியசாலை, வீடு, கோழிப்பண்ணை ஆகியவற்றிலிருந்தே. 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழ் மருந்துகள் மட்டுப்படுத்தப்பட்டே அனுமதிக்கப்பட்ட நிலம் இது. மாத்திரைக்கு ஏங்கிய மக்களிடம் மாத்திரையின் எச்சத்தைப் பற்றிப் பேசுவதில் உள்ள முரணை நான் மறக்கவில்லை. ஆயினும் இங்குள்ள நீரமைப்பு அப்பேச்சைத் தவிர்க்கவிடாது. வவுனியாவின் சிறு குளங்களில் மேற்குளத்தின் கழிநீர் வயலூடாகக் கீழ்க்குளத்தை அடைகின்றது. கோடையில் நீர் வற்ற, கரைந்திருப்பவை செறிவடைகின்றன. வவுனியாவிலும் காணப்படும் காரணம் தெளியாத சிறுநீரக நோயை இதனோடு அவசரப்பட்டு முடிச்சுப்போடுதல் தவறு, அதற்கு ஆதாரமில்லை.

பற்றீரியாவை நம்புவதற்கு முன் மருந்தின் அளவையே கேள்விக்குட்படுத்திய மரபு ஒன்று இந்நாட்டுக்கு உண்டு. இடதுசாரியான பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். தேவையற்ற மருந்துகளை விலக்குதல், வியாபாரப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயரில் வாங்குதல் என்பனவே அவர் வற்புறுத்தியவை. பன்னாட்டு நிறுவனங்களின் எதிர்ப்பைச் சந்தித்த அவர் 1977இற் கயானாவிற் காலமானார். சூழல் மாசு அவர் எடுத்துக்கொண்ட விடயமன்று. எனினும் வீணாக விற்கப்படாத மாத்திரை நீரிலும் கலப்பதில்லை.

தவிர்க்கமுடியாத எஞ்சியதற்கே பற்றீரியா. வைத்தியசாலைக் கழிவுநீரைச் சம்பும் கோரையும் நட்ட சரளைப் படுகையூடாக மெல்ல ஓடவிடும் முறை மின்சாரச் செலவு குறைந்தது. வெப்பமான நிலத்தில் நுண்ணுயிர்ச் செயற்பாடும் விரைவு. வேர்களை அண்டி ஒட்சிசனை விரும்பும் கூட்டமும், அடிச்சேற்றில் அதனை வேண்டாத கூட்டமும் வாழும். பரசிற்றமோல், இபுப்புரோபன் போன்றவை அங்கு நன்கு குறையும், காபமசெப்பின் குறையாது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் உள்ளன. வவுனியா வளாகம் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம். இரணைமடுவின் சேற்றையும் வவுனியாக் குளங்களின் சேற்றையும் மாரியில் ஒரு தடவை, நீர் அடிமட்டத்துக்கு இறங்கிய ஆவணியில் மறு தடவை எடுத்துப் பார்க்கவேண்டும். இரண்டிலும் ஒரே கூட்டம் இராது.