நிலைத்த கோப்பும் தோன்றி மறையும் கோப்பும்

யுனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளில் வன்றட்டு, விசைப்பலகை முதலிய கருவிகள் ‘டெவ்’ என்னும் கோப்புறையிற் கோப்புகளாகவே தோன்றும். கோப்பிலுள்ள பேரெண் செலுத்தி நிரலையும், சிற்றெண் தனிக்கருவியையும் முறைமையின் கருவாகிய கேர்னலுக்கு உணர்த்தும்.

இக்கோப்புகளை முன்கூட்டியே ஆக்கிவைப்பது பழைய முறை. ஓபன்பிஎஸ்டி இன்றும் அதனையே கைக்கொள்கின்றது. காவல் நிரல் வேண்டா, நினைவகமும் மிஞ்சும். ஆயின், புதிதாய்ச் செருகிய கருவிக்குக் கோப்பில்லையேல் அதனை அணுக வழியில்லை.

கருவி வரக் கோப்புத் தோன்றலும், அகல மறைதலும் புதிய முறை. இதற்கென 2003 இல் லினக்சில் எழுந்த யூடெவ் இன்று இடையறாது விழித்திருக்கின்றது. பிஸிபொக்சின் எம்டெவ்வோ, கேர்னல் அழைக்குங்கால் எழுந்து, பணி முடிய ஓய்வது.

கருவிகள் மாறாத சிறு பொறிக்குப் பழைய முறையே சாலும். மாறும் பொறிக்குப் புதியதே வேண்டும். பழமையென இகழாது, தேவை நோக்கித் தெரிதலே அறிவென்பது எம் துணிபு.