உங்களுக்குத் தெரியுமா? ஒவ்வாமை ரத்தத்தோடு இடம் மாறியது!

சமைத்த மீன் சாப்பிட்டால் ஜெர்மன் மருத்துவர் ஹெய்ன்ஸ் கூஸ்ட்னருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். அவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைச் சக மருத்துவர் கார்ல் பிரவுஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றையும் ஊசியால் செலுத்தினார். மீன் ஒத்துக்கொள்ளும் அவருடைய தோலிலும் தடிப்பு கிளம்பியது. எவ்வளவு துணிச்சல்! இந்த ஆய்வு 1921-இல் வெளியானது.

சீரத்தில் இருந்தது ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் என்று தெரிய 1960-களின் பிற்பகுதி வரை ஆயிற்று. ரத்த வெள்ளணுக்களில் சுமார் 1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ உள்ள பேசோஃபில்களின் மேல் அது ஒட்டியிருக்கும். ஒவ்வாப் பொருள் வந்து அடுத்தடுத்த ஐஜிஇக்களைப் பிணைத்ததும், உள்ளே பொதிந்திருக்கும், தடிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சில நிமிடங்களில் வெளியே கொட்டும். தோலிலுள்ள மாஸ்ட் அணுக்களும் இப்படித்தான். பிரவுஸ்னிட்ஸின் வயிற்றில் தடித்தது அவற்றால்தான்.